3,500 மீட்டரில் மாறாத 104: இதயத் தாளக் கோளாறுடன் ஓர் உயர்மலைப் பயணம் (நிகழ்வு ஆய்வு)

பயணியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. மருந்தளவுகள் இந்த ஒருவருக்கு உரியவை. மற்றவர்கள் அப்படியே பின்பற்றக் கூடாது.

பின்னணி

பயணி 64 வயது ஆண், எடை 74 கிலோ. ஆறு ஆண்டுகளாக அவருக்கு விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். உயர் ரத்த அழுத்தமும் உண்டு, கட்டுப்பாட்டில் இருந்தது. எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படம்) இதயத் தசையிலோ வால்வுகளிலோ குறை இல்லை.

அன்றாட மருந்துகள் நான்கு. ஃபிளெகைனைடு 100 மி.கி. காலையும் இரவும், பைசோபிரோலால் 2.5 மி.கி. காலையில், ரத்த உறைவைத் தடுக்க அபிக்ஸபான் 5 மி.கி. இருவேளை, ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 மி.கி. ஃபிளெகைனைடு தொடங்கிய பிறகு, ஆண்டுக்கு ஐந்தாறு முறை வந்துகொண்டிருந்த படபடப்பு ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தது. ஓய்வில் நாடித்துடிப்பு 56.

இந்த நான்கில் பைசோபிரோலால் எதற்காக என்பது பயணிக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. பின்னால் நடந்ததற்கு அது ஒரு வேர். ஃபிளெகைனைடு சோடியம் வாய்க்கால்களை அடைத்து, மேலறைகளில் மின்னோட்டத்தை மெதுவாக்கும் மருந்து. பெரும்பாலும் அது ஃபிப்ரிலேஷனைத் தடுத்துவிடும். சிலருக்கு மட்டும், ஒழுங்கற்ற அந்த நடுக்கத்தை ஒழுங்கான ஒரு சுழற்சியாக, ஏட்ரியல் ஃபிளட்டராக மாற்றிவிடும். மருந்தில்லாத ஒருவருக்கு ஃபிளட்டரில் மேலறைகள் நிமிடத்துக்குச் சுமார் 300 முறை துடிக்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஏவி முனை ஒரு மதகைப் போல இரண்டில் ஒன்றை மட்டுமே கீழே விடும். கீழறை 150இல் துடிக்கும். ஃபிளெகைனைடு இருக்கும்போது மேலறைச் சுழற்சியே 200 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 200 என்பது ஏவி முனை ஒவ்வொன்றாகக் கீழே அனுப்பிவிடக்கூடிய வேகம். அப்போது கீழறையும் 200இல் ஓடும், ரத்த அழுத்தம் சரியும், மயக்கம் வரும். இந்த வழியை அடைத்து வைக்கத்தான் ஃபிளெகைனைடோடு பைசோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் (அட்ரினலின் உந்துதலைத் தணிக்கும் மருந்து) கொடுப்பது.

பயணத்துக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் திட்டம், விமானத்தில் நேராக 3,500 மீட்டரில் இறங்கி, இரண்டு இரவுக்குப் பின் 4,300 மீட்டரில் தங்குவது. இது மாற்றப்பட்டது. 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 65 விழுக்காடு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான்; ஆனால் அழுத்தம் குறைந்ததால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. உடல் அதற்கு அட்ரினலின் வழியாகப் பதில் சொல்லும். ஓய்விலேயே துடிப்பு ஏறும், நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகும், இதயத்தின் வலப்பக்கத்துக்குப் பளு கூடும். உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு ஓடி, ஆக்சிஜன் ஏறி இறங்கும். தாளக் கோளாறு உள்ளவருக்கு இவை ஒவ்வொன்றும் தூண்டுகோல். எல்லாம் ஒரே நாளில் வந்து விழக் கூடாது என்பதற்காகச் சாலை வழியாக ஏற முடிவானது: 2,050 மீட்டரில் இரண்டு இரவு, 2,700இல் ஓர் இரவு, 3,100இல் ஓர் இரவு, அதன்பின் 3,500. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது என்ற பொது விதிக்கு இது உட்பட்டது. 4,300 மீட்டர் தங்கல் கைவிடப்பட்டது.

மருந்து தொடரும் நிலையிலேயே டிரெட்மில் பரிசோதனை செய்யப்பட்டது. ஃபிளெகைனைடு எடுப்பவருக்கு இது அவசியம். துடிப்பு ஏற ஏற அந்த மருந்தின் பிடி இறுகும். ஓய்வு ஈசிஜியில் தெரியாத க்யூஆர்எஸ் அகலம் (கீழறைகளில் மின்னோட்டம் பரவ எடுக்கும் நேரம்) ஓட்டத்தில் தெரிந்துவிடும். அவருக்கு ஓய்வில் 104 மில்லிவினாடி, உச்ச வேகத்தில் 112. ஏற்றுக்கொள்ளக்கூடியது. ரத்தத்தில் பொட்டாசியம் 4.3, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 1.0. ஓய்வு ஈசிஜியின் படம் கைப்பேசியில் சேமிக்கப்பட்டது.

உயர்மலை நோயைத் தடுக்க வழக்கமாகத் தரும் அசிட்டசோலமைடு (125 மி.கி. இருவேளை) இவருக்கு வேண்டாம் என்று முடிவானது. காரணங்கள் இரண்டு. அது சிறுநீரில் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சிறுநீரைக் காரமாக்குகிறது. ஃபிளெகைனைடின் ஒரு பங்கு மாறாமல் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீர் காரமானால் அந்த வெளியேற்றம் குறைந்து, அதே மாத்திரையில் ரத்த அளவு ஏறும். இரண்டாவது, அசிட்டசோலமைடு பொட்டாசியத்தையும் இழக்கச் செய்யும். மருந்து தரும் பாதுகாப்பை மெதுவான ஏற்றத்திலிருந்தே பெற்றுக்கொள்ளலாம் என்பது கணிப்பு.

கணிப்பு சரிதான். அது பயணியிடம் வாய்மொழியாக மட்டுமே சொல்லப்பட்டது. உடன் சென்ற மூவருக்குச் சொல்லப்படவில்லை, எழுதியும் கொடுக்கப்படவில்லை.

பயணத்தில் காணப்பட்டவை

1 முதல் 4ஆம் நாள் வரை எந்தத் தொல்லையும் இல்லை. 3,100 மீட்டரில் ஓய்வு நாடி 72, ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 90 விழுக்காடு. 3ஆம் நாள் பயண அலைச்சலில் இரவு அபிக்ஸபான் ஒரு வேளை தவறியது.

இங்கே திட்டத்தில் இல்லாத ஒரு மாற்றம் நடந்திருந்தது. பீட்டா பிளாக்கர் மலையேற்றத்தில் மூச்சு வாங்க வைக்கும் என்று கேள்விப்பட்டு, முதல் நாளிலிருந்தே பயணி பைசோபிரோலால் மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டதில் உண்மை இல்லாமல் இல்லை. பீட்டா பிளாக்கர் உச்சத் துடிப்பைக் கட்டுப்படுத்தும், ஏற்றத்தில் களைப்பு கூடும். ஆனால் ஃபிளெகைனைடு எடுப்பவருக்கு அதுதான் காவல்.

5ஆம் நாள் மாலை 3,500 மீட்டரை அடைந்தார்கள். இரவில் மிதமான தலைவலி, களைப்பு. லேக் லூயிஸ் அளவுகோலில் 3 மதிப்பெண், அதாவது லேசான உயர்மலை நோய். ஆக்சிஜன் 87, உடன் இருந்தவர்களுக்கும் 86 முதல் 90 வரை. பாராசிட்டமால், ஓய்வு, அடுத்த நாள் உயரம் கூட்டாமல் இருத்தல் என்பதே இதற்குப் போதும். உடன் வந்தவர் தன்னிடமிருந்த அசிட்டசோலமைடு 250 மி.கி. மாத்திரைகளைக் கொடுத்தார். தலைவலியில் இருந்த பயணி, முன்பு சொல்லப்பட்டதை நினைவில் கொள்ளாமல் வாங்கி விழுங்கினார். அன்றிரவு முதல் 8ஆம் நாள் காலை வரை ஆறு வேளை.

6ஆம் நாள் வயிற்றுப்போக்கு, ஐந்து முறை. பசி இல்லை. அசிட்டசோலமைடால் சிறுநீரும் அதிகம் போனது.

7ஆம் நாள் தலைவலி நீங்கியிருந்தது. நாடிக் குறிப்பேட்டில் அன்று எழுதியவை: காலை 7 மணிக்கு 104, பிற்பகல் 1 மணிக்கு 104, இரவு 11 மணிக்குப் படுத்த நிலையில் 103. மறுநாள் காலை 6 மணிக்கு 104. கைக்கடிகாரம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எச்சரிக்கை எதுவும் தரவில்லை. உயரத்தில் துடிப்பு கூடும், அதுவும் வயிற்றுப்போக்குக்குப் பின் இயல்புதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நிகழ்வின் மையம் இந்த நான்கு எண்கள்தான். இயல்பான தாளத்தில், அதாவது சைனஸ் தாளத்தில், ஓடும் இதயம் ஓரிடத்தில் நிற்காது. உட்கார்ந்தால் ஒன்று, எழுந்தால் ஒன்று, தண்ணீர் குடித்து அரை மணி படுத்தால் வேறொன்று. உயரத்தால் கூடிய துடிப்பும் அப்படித்தான் அலையும். இருபத்து மூன்று மணி நேர இடைவெளியிலும், படுத்த நிலையிலும், 104ஐ விட்டு நகராத நாடி சைனஸ் தாளமாக இருப்பது அரிது. மேலறையில் 208, ஏவி முனையில் இரண்டுக்கு ஒன்று, கீழறையில் 104: ஃபிளெகைனைடால் மெதுவாக்கப்பட்ட ஃபிளட்டரின் கணக்கு அது. கைக்கடிகாரங்கள் தேடுவது ஒழுங்கின்மையை. ஃபிளட்டர் ஒழுங்காகத் துடிப்பதால் அவற்றின் கண்ணில் படாமல் போகலாம். எச்சரிக்கை வரவில்லை என்பதை நலம் என்று படித்தது எளிதில் நேரக்கூடிய பிழை.

8ஆம் நாள், காலை 11 மணி

3,900 மீட்டரில் உள்ள ஒரு காட்சி மேட்டுக்கு வாகனத்தில் போய், கடைசிப் படிகளை நடந்து ஏறினார்கள். நாற்பது படி ஏறியதும் பயணிக்குத் திடீரென்று நெஞ்சு அதிர்ந்தது, கண் இருட்டியது. உட்கார வைத்தார்கள். நினைவு தப்பவில்லை. கைக்கடிகாரம் காட்டிய துடிப்பு 208. கையோடு கொண்டுபோன கருவியில் ரத்த அழுத்தம் 88/60, ஆக்சிஜன் 84.

உட்கார்ந்தபடியே அவர் கைக்கடிகாரத்தில் 30 வினாடி ஈசிஜி பதிந்தார். அந்தப் பதிவு பிறகு பெரிதும் உதவியது. முதல் 20 வினாடி அகன்ற அலைகளாக 208; பின் ஒரே கணத்தில் சரியாகப் பாதியாகி 104. படிப்படியாக இறங்கவில்லை. 208 சரி பாதியானதைப் பார்க்கிற இதய மருத்துவர் முதலில் நினைப்பது, ஒன்றுக்கு ஒன்றாகக் கடந்துகொண்டிருந்த ஃபிளட்டர் இரண்டுக்கு ஒன்றாக மாறியது என்பதைத்தான். அந்தப் பாதியாகும் கணம் பதிவில் இல்லாதிருந்தால், அகன்ற அலைகளை வைத்து வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறையிலேயே பிறக்கும் ஆபத்தான வேகத் துடிப்பு) என்று கருதவே இடமிருந்தது.

இந்த நேரத்தில் உடன் இருந்தவர்கள் கூடுதல் ஃபிளெகைனைடு கொடுக்கத் தயாரானார்கள். வீட்டில் படபடப்பு வந்தால் ஒரே தடவையாகக் கூடுதல் அளவு விழுங்கும் முறை சிலருக்கு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கொடுப்பதற்கு முன் பயணியின் இதய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்ததுதான் அன்றைய மிகச் சரியான செயல். அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த வாரம் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது?"

தொலைபேசியில் எடுக்கப்பட்ட முடிவுகள்

ஃபிளெகைனைடு இனி ஒரு மாத்திரைகூட இல்லை. ஏற்கனவே ரத்தத்தில் அளவு கூடியிருக்கிறது. மேலும் கொடுத்தால் சுழற்சி இன்னும் மெதுவாகி, ஒன்றுக்கு ஒன்றாகக் கடப்பது எளிதாகும், க்யூஆர்எஸ் மேலும் அகலும்.

அசிட்டசோலமைடு உடனே நிறுத்தம்.

நடக்கக் கூடாது, வாகனம் வரை தூக்கிச் செல்ல வேண்டும். அவர் ஒன்றுக்கு ஒன்று நிலைக்குப் போனது படி ஏறிய உழைப்பில்தான். வாகனத்தில் இருந்த உருளையிலிருந்து நிமிடத்துக்கு 3 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் 94 ஆனது. ஆக்சிஜன் கூடியதும் அட்ரினலின் உந்துதல் தணியும், அதனால் ஏவி முனையின் காவல் ஓரளவு மீளும்.

ரத்த அழுத்தம் 106/70க்கு ஏறியதை உறுதிசெய்த பிறகு பைசோபிரோலால் 2.5 மி.கி. தரப்பட்டது. அழுத்தம் ஏறாமல் இருந்திருந்தால் மாத்திரை கொடுப்பது தவறு. நேராக மருத்துவமனைக்குப் போய் மின்னதிர்ச்சி ஒன்றே வழி.

மருத்துவமனையில்

3,500 மீட்டரில் இருந்த மருத்துவமனையை ஒரு மணி நேரத்தில் அடைந்தார்கள். 12 முனை ஈசிஜியில் ஃபிளட்டர், மேலறை 208, கீழறை 104, க்யூஆர்எஸ் 136 மில்லிவினாடி. கைப்பேசியில் இருந்த பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 31 விழுக்காடு அகலம் கூடியிருந்தது. ஃபிளெகைனைடு எடுப்பவருக்கு 25 விழுக்காட்டைத் தாண்டினாலே அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். பொட்டாசியம் 3.1. பைகார்பனேட் 17. கிரியாட்டினின் 1.5.

கிரியாட்டினின் எண் கதையை முழுமையாக்கியது. வயிற்றுப்போக்காலும் அதிகச் சிறுநீராலும் உடலில் நீர் வற்றி, சிறுநீரகம் வடிகட்டுவதே குறைந்திருந்தது. வடிகட்டியதும் காரமான சிறுநீர் என்பதால் ஃபிளெகைனைடு திரும்ப உறிஞ்சப்பட்டது. பொட்டாசியம் குறைவு மருந்தின் நச்சுத்தன்மையைக் கூட்டியது. மதகு, பாதி மாத்திரையால் பாதி திறந்திருந்தது.

உடனே மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பலாமா என்ற கேள்வி எழுந்தது. ரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. ஃபிளட்டர் தொடங்கி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும். 3ஆம் நாள் அபிக்ஸபான் ஒரு வேளை தவறியிருந்தது. மின்னதிர்ச்சிக்கு முன் மூன்று வாரம் இடைவிடாமல் எடுத்திருக்க வேண்டும்; இவர் அப்படி எடுத்தவர் என்று சொல்ல முடியாது. மேலறையில் உறைவு இருந்து, தாளம் திரும்பும்போது அது கிளம்பினால் பக்கவாதம். எனவே நிலை சரியாக இருக்கும்வரை காத்திருப்பது, அழுத்தம் சரிந்தால் அந்தக் கணமே அதிர்ச்சி கொடுப்பது என்று முடிவானது. மார்பில் பட்டைகள் ஒட்டியே வைக்கப்பட்டன.

சலைன் ஒரு லிட்டர், பொட்டாசியம் வாய்வழியாகவும் நரம்பு வழியாக மணிக்கு 10 மில்லிமோல் வேகத்திலும், மக்னீசியம் சல்பேட் 2 கிராம். அபிக்ஸபான் தவறாமல் தொடர்ந்தது. சோடியம் பைகார்பனேட் ஊசி படுக்கை அருகில் எடுத்துவைக்கப்பட்டது. சிறுநீரைக் காரமாக்கும் அதையே ஏன் வைத்தார்கள் என்று தோன்றலாம். க்யூஆர்எஸ் மேலும் அகன்று அழுத்தம் சரியும் அவசரத்தில், அதிலுள்ள சோடியம் வாய்க்கால் அடைப்பை அந்நேரத்துக்குத் தளர்த்தும். வெளியேற்றம் குறைவது அப்போது இரண்டாம் கவலை. தேவைப்படவில்லை.

9ஆம் நாள் காலை, ஆக்சிஜனும் கண்காணிப்புக் கருவியும் அதிர்ச்சிக் கருவியும் உள்ள ஆம்புலன்ஸில் 2,050 மீட்டரில் உள்ள மருத்துவமனைக்கு இறக்கினார்கள். மேலறையில் உறைவு இருக்கிறதா என்று பார்க்கும் உணவுக்குழாய் வழி எக்கோ அங்குதான் உண்டு.

இறங்கிய பின்

9ஆம் நாள் நள்ளிரவில் கீழறைத் துடிப்பு 104இலிருந்து 126ஆக ஏறியது. குடும்பத்தினர் அஞ்சினார்கள். உண்மையில் அது நல்ல அறிகுறி. மேலறைச் சுழற்சி 208இலிருந்து 252ஆக வேகம் பிடித்திருந்தது, க்யூஆர்எஸ் 112ஆகக் குறைந்திருந்தது. ஃபிளெகைனைடு உடலை விட்டு நீங்குகிறது என்று பொருள். அதன் அரை ஆயுள், அதாவது ரத்த அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சுமார் 20 மணி. 250க்கு மேல் மேலறை துடிக்கும்போது ஏவி முனை ஒன்றுக்கு ஒன்றாகக் கடத்துவதும் கடினம். பைசோபிரோலால் 5 மி.கி. ஆக்கப்பட்டது.

10ஆம் நாள் பொட்டாசியம் 4.2. 11ஆம் நாள் விடியற்காலையில், உணவுக்குழாய் எக்கோவுக்கு அழைத்துப்போகும் முன்பே, தாளம் தானாகச் சைனஸுக்குத் திரும்பியது. துடிப்பு 62, க்யூஆர்எஸ் 96, கிரியாட்டினின் 1.1. பக்கவாத அறிகுறி எதுவும் இல்லை.

ஊர் திரும்பிய பின், ஃபிளட்டர் சுற்றிவரும் வலமேலறைப் பாதையிலும், ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் நுரையீரல் சிரைகளின் வாயிலிலும் அப்லேஷன் (கோளாறான மின்பாதையைத் துண்டிக்கும் சிகிச்சை) செய்யப்பட்டது. ஃபிளெகைனைடு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அபிக்ஸபானும் பைசோபிரோலாலும் தொடர்கின்றன.

இனி மாற வேண்டியவை

சிகிச்சைக் குழுவின் பார்வையில் முதல் மாற்றம், "எடுக்கக் கூடாதவை" பட்டியலை எழுதி, பயணியிடமும் உடன் செல்லும் ஒவ்வொருவரிடமும் கொடுப்பது. உயரத்தில் தலைவலி வந்தவர் தனக்காகத் தானே சரியாக முடிவெடுப்பார் என்று எண்ணிவிட முடியாது. மாத்திரை பெரும்பாலும் அடுத்தவர் பையிலிருந்துதான் வருகிறது. ஃபிளெகைனைடு எடுப்பவரின் பட்டியலில் அசிட்டசோலமைடு முதலில் நிற்க வேண்டும். வேறு தாள மருந்துகளான சோட்டலால், அமியோடரோன் எடுப்பவருக்குப் பட்டியல் வேறு: வயிற்றுப்போக்குக்குத் தரும் அசித்ரோமைசின், சிப்ரோஃபிளாக்சசின், வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் ஆகியவை க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) நீட்டக்கூடியவை. ரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் எடுப்பவர் உயரத்துக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) பார்க்க வேண்டும்.

அசிட்டசோலமைடு தவிர்க்கவே முடியாத பயணம் என்றால், அதற்கு முன்பே தாள மருந்தை மாற்றுவது பற்றி இதய மருத்துவரோடு பேசிவிட வேண்டும். மலையில் வைத்து அல்ல.

பீட்டா பிளாக்கர் எதற்கு என்பதைப் பயணி தன் சொற்களில் திருப்பிச் சொல்லும்வரை விளக்க வேண்டும். "துடிப்பைக் குறைக்கும் மாத்திரை" என்று மட்டும் தெரிந்தவர், துடிப்பு ஏற்கனவே குறைவாக இருப்பதைப் பார்த்துப் பாதியாக்கத்தான் செய்வார்.

நாடிக் குறிப்பேட்டில் ஒரு புதிய வழக்கம் சேர்க்கப்பட்டுள்ளது. ஓய்வில் நாடி 90க்கு மேல் இருந்தால், படுத்து ஒரு முறை, எழுந்து நின்று இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறை, அறைக்குள் சிறிது நடந்து ஒரு முறை, ஒவ்வொன்றும் முழு 60 வினாடி எண்ண வேண்டும். மூன்றும் இரண்டு துடிப்புக்குள் ஒன்றுபோல இருந்தால், அன்று எங்கும் ஏறாமல் 12 முனை ஈசிஜி எடுக்கப் போக வேண்டும். கைக்கடிகாரம் எச்சரிக்காததை இதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இருக்கும்போது மணிக்கட்டில் எண்ணுவது குறைவாகவே வரும், ஆக்சிமீட்டரும் குளிர்ந்த விரலில் தடுமாறும். கையைச் சூடாக்கி, எண் நிலைத்த பின் குறிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு மூன்று முறைக்கு மேல் போன நாளில் உப்புச்சர்க்கரைக் கரைசல் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குவளை. 24 மணி நேரத்தில் நிற்காவிட்டால் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் உயரம் கூட்டுவது இல்லை.

ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை ஒரு வேளை தவறினாலும் தேதியும் நேரமும் எழுதிவைக்க வேண்டும். 8ஆம் நாள் மருத்துவர் எடுத்த முடிவு அந்த ஒற்றை வரியைச் சார்ந்திருந்தது. மருந்துகள் இரட்டிப்பாக, இரு வேறு பைகளில் செல்ல வேண்டும்.

புதிதாகத் தாளக் கோளாறு கண்டறியப்பட்டவர்கள், மருந்து மாற்றி ஒரு மாதம் ஆகாதவர்கள், அப்லேஷன் அல்லது மின்னதிர்ச்சி முடிந்து முதல் சில வாரங்களில் இருப்பவர்கள் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது இந்தக் குழுவின் நிலைப்பாடு. இந்தப் பயணிக்கு, அப்லேஷனுக்குப் பின் ஆறு மாதம் கழித்து 14 நாள் தொடர் ஈசிஜி பதிவு எடுக்கப்பட்டது. ஃபிப்ரிலேஷனோ ஃபிளட்டரோ இல்லை. 3,500 மீட்டருக்கு அதே சாலை வழியாக, அதே படிநிலைகளில், எழுதிய பட்டியலோடு போக அனுமதி தரப்பட்டுள்ளது. ஃபிளெகைனைடு இப்போது இல்லாததால் அசிட்டசோலமைடு 125 மி.கி. இருவேளை எடுக்கலாம் என்றும், ஏறத் தொடங்கும் முன் ஒரு முறையும் 3,500ஐ அடைந்த இரண்டாம் நாள் ஒரு முறையும் பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்றும் அந்தப் பட்டியலில் உள்ளது.